கேட்டுக் கட்டிய வீடுகள்: மினெற் டி சில்வாவின் வட்டபுளுவவும் திருகோணமலையின் வீடமைப்பும்

திருகோணமலை நகரை ஒட்டியமைந்த பாலையூற்றின் பெயரில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. பாலை, வறண்ட நிலத்திலும் தழைத்து நிற்கும் மரம். ஊற்று, நீர் சுரக்கும் இடம். நிழலும் நீரும் எங்கே உள்ளன என்று பார்த்துக் குடியேறியோர் இட்ட பெயராகவே அது தோன்றுகின்றது. வீடு கட்டுவோன் முதலிற் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டுக்கு ஊரின் பெயரே விடை கூறிவிடுகின்றது. ஆயின், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009 இற் போர் முடிவுற்ற பின்னும் இம்மாவட்டத்தில் எழுந்த வீடமைப்புத் திட்டங்களை நோக்குமிடத்து, அவ்வினாக்கள் எத்தனை வரைபடங்களுக்கு அடிப்படையாயின என்னும் ஐயம் எழாமற் போகாது.

ஈழத்துத் திறனாய்வு இலக்கியத்தை நோக்கி ‘யாருக்காக?’ என்னும் வினாவை நெடுங்காலமாக உரத்துக் கேட்டு வந்துள்ளது. அவ்வினாவினாற் பல கதைகளும் கவிதைகளும் எடைபோடப்பட்டன. சில, வேண்டியதற்கு மேலாகவும் எடைபோடப்பட்டன. அதே வினாவைக் கட்டடத்தை நோக்கி எழுப்பும் பழக்கமோ தமிழில் வேரூன்றவில்லை. கோயிலின் விமானத்தைப் பற்றியும் கோபுரத்தின் தளங்களைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். மக்கள் உண்டு உறங்கி, பிள்ளை பெற்று, பிணம் கிடத்தி வாழும் வீடு பற்றி எழுதப்பட்டவை சொற்பம். இக்குறையை நோக்கும்போது, கண்டியிற் சிறியதோர் அலுவலகத்தை வைத்துக்கொண்டு அவ்வினாவை ஏட்டிலும் நிலத்திலும் எழுப்பிய ஒரு பெண் கட்டடக்கலைஞரின் பணி தனிக்கவனத்துக்குரியதாகின்றது.

மினெற் டி சில்வா 1918 இற் கண்டியிற் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி. தாய் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். பம்பாயிற் கட்டடக்கலை பயின்ற மினெற், பின்னர் ஜேர்மனியிலிருந்து வெளியேறி இந்தியாவிற் பணியாற்றிய ஓட்டோ கோனிக்ஸ்பேர்கரின் அலுவலகத்திற் பயிற்சி பெற்றார். இலண்டனிற் படிப்பை முடித்து, 1948 இற் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் றோயல் நிறுவகத்தின் இணை உறுப்பினராகிய முதல் ஆசியப் பெண் என்ற நிலையை எய்தினார். லெ கோபூசியே போன்றோரின் நட்பும் வாய்த்தது. ஐரோப்பாவிலேயே தங்கியிருக்கக் கூடியவர் ஊர் திரும்பிப் பெற்றோரின் இல்லத்திலேயே அலுவலகத்தைத் திறந்தார்.

அவரைப் பாராட்டுவோர் பெரும்பாலும் 1949 – 1951 இற் கண்டிச் சரிவொன்றிற் கட்டப்பட்ட கருணாரத்ன இல்லத்திலிருந்தே தொடங்குவர். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல் தளங்களைச் சரிவுக்கேற்ப ஏற்றியிறக்கி அமைத்தமை, தும்பறைப் பாய் நெசவையும் அரக்கு வேலைப்பாட்டையும் சுட்ட களிமண் ஓடுகளையும் சீமெந்தோடும் கண்ணாடியோடும் சேர்த்தமை, ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியத்துக்கு இடமளித்தமை என்பன எடுத்துக்காட்டப்படும். 1953 இல் ‘மார்க்’ இதழில் அவ்வில்லத்தைப் பற்றி அவர் எழுதியபோது, தம் முயற்சியை நவீன வட்டாரக் கட்டடக்கலை என்று குறித்தார். மேனாட்டுத் திறனாய்வாளர் வட்டாரத்தன்மை பற்றிய கோட்பாட்டைப் பெயரிட்டுப் பேசத் தொடங்கியது 1980களிலேயே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கோட்பாடு எங்கிருந்து வருகின்றது என்ற விடயத்தில் நமது பல்கலைக்கழகங்கள் கொண்டுள்ள வழமையான எண்ணத்தை இக்கால முறைமை சற்றே கலைத்துவிடுகின்றது.

எனினும் இவ்வில்லத்தையே அவரது சாதனையின் உச்சமாகக் கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. பாயும் அரக்கும் ஓடும் கண்ணுக்கு எளிதிற் புலனாவன, புகைப்படத்துக்கு இசைவானவை. பின்வந்த சுற்றுலா விடுதிகள் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டன. கைவினைஞனின் பொருள் சுவரிற் பதிக்கப்பட்டுவிட்டமையினால் மட்டும் ஒரு கட்டடம் சமூக நோக்குடையதாகிவிடாது. கருணாரத்ன இல்லம் வசதி படைத்த குடும்பம் ஒன்றின் வீடு. நண்பரான குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்டறிவது எந்தக் கட்டடக்கலைஞருக்கும் இயல்பாக வாய்ப்பதே. கேட்பது எப்போது கடினமாகின்றதெனில், குடியிருக்கப்போவோர் நூற்றுக்கணக்கானோராகவும், ஒருவரையொருவர் அறியாதோராகவும், பணம் மட்டானதாகவும் இருக்கும்போதுதான்.

அத்தகைய சூழலே கண்டியை அடுத்த வட்டபுளுவவில் அவர் முன் வந்தது. அரசாங்க ஊழியருக்கென 1950களின் பிற்பகுதியில் உருவாகி, 1958 அளவில் நிறைவெய்திய அத்திட்டத்தில் ஏறத்தாழ 250 வீடுகள் அடங்கின. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக நிறுத்துவதே அக்காலப் பொதுவழக்கு. இக்காலப் பொதுவழக்கும் பெரிதும் அதுவே. மினெற் அவ்வழியே செல்லவில்லை. குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்தை வழங்கியும் நேரிற் பேசியும் அவர்களது வாழ்முறையையும் தேவையையும் அறிந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் எனப் பல சமூகத்தாரும் அங்கு குடியேறவிருந்தனர். ஒரு சமூகத்தார்க்கு வழிபாட்டிடம் வீட்டின் நடுவே தேவைப்படலாம். பிறிதொரு சமூகத்தார்க்குப் பெண்கள் புழங்கும் பகுதி விருந்தினர் கண்ணிற் படாதிருத்தல் தேவைப்படலாம். சமையலறையின் இருப்பிடமோ எல்லோர்க்கும் முதன்மையானது. பெறப்பட்ட விடைகளிலிருந்து சில அடிப்படை மாதிரிகள் வகுக்கப்பட்டு, அவை குடும்பத்துக்கும் நிலத்துக்கும் ஏற்ப வேறுபடுத்தப்பட்டன. வீதிகளும் காணிகளும் மலையின் வளைவைத் தழுவிச் சென்றன.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது வினாக்கொத்து என்னும் காகிதத்தையன்று. வினாக்கொத்துகளைத் திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் இன்று கட்டுக்கட்டாக நிரப்பி அடுக்கி வைத்துள்ளன. விடை கிடைத்தபின் வரைபடம் மாறியதா என்பதே கேள்வி. வட்டபுளுவவில் அது மாறியது. சொல்லப்போனால், சொன்னது கேட்கப்பட்டது என்பதற்கு ஒரு வீட்டின் சுவரைக் காட்டிலும் உறுதியான சான்று வேறில்லை. சிறிய அலுவலகம் ஒன்றின் வலிமையும் இவ்விடத்திலேயே உள்ளது. வினவியவரே வரைந்தவராகவும், வரைந்தவரே வேலைத்தளத்தில் நின்றவராகவும் இருந்தமையால், விடைகள் மேசைக்கு மேசை கைமாறித் தேய்ந்துபோகவில்லை.

இதனைக் கூறும்போதே இதன் எல்லையையும் கூறவேண்டும். வட்டபுளுவவிற் கேட்கப்பட்டோர் மாதச் சம்பளம் பெறுவோர். எழுத்தறிவும் அலுவலக அனுபவமும் உடையோர். படிவமொன்றின் முன் தடுமாறாதோர். காணியற்ற கூலித் தொழிலாளியும் கடற்றொழிலாளியும் அவ்வட்டத்துள் வரவில்லை. வறியோரிடம் இம்முறை எவ்வாறு செயற்பட்டிருக்கும் என்பதற்கு வட்டபுளுவ விடை தருவதில்லை. எகிப்திய அனுபவமொன்றை இதனருகே வைத்து நோக்கலாம். ஹசன் ஃபாத்தி 1940களின் பிற்பகுதியில் லக்சருக்கு அண்மையிற் புதிய கூர்னா என்னும் கிராமத்தை மண்கற்களாற் கட்டினார். பொருள் மலிவு, வெம்மைக்கு ஏற்றது, உள்ளூர்க் கைத்திறனைக் காப்பது. குறை கூற ஏதுமில்லாத நோக்கம். ஆயினும் கிராமத்தவர் பெருமளவில் அங்கு செல்ல மறுத்தனர். பழைய கூர்னாவில் தொல்கல்லறைகளை ஒட்டி அமைந்திருந்த அவர்தம் பிழைப்புக்குப் புதிய ஊரில் இடமிருக்கவில்லை. குவிமாடக் கூரையோ அவர்களுக்கு இறந்தோரின் சமாதியை நினைவூட்டியது. குடும்பம் ஒவ்வொன்றையும் கலந்தே கட்டவேண்டும் என்று வாதிட்டவர் ஃபாத்தி. அவருக்கே இது நேர்ந்ததெனில், சூழலுக்கு இசைந்த பொருளைத் தேர்ந்துவிட்டால் மக்களுக்கு இசைந்த வீடு தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கை எவ்வளவு தளர்ந்தது என்பது புலனாகும்.

திருகோணமலைக்கு மீளலாம். 2004 மார்கழி 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின், கரையோரத்தில் வீடு கட்டத் தடைசெய்யப்பட்ட வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனவும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனவும் வகுக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டதெனினும், இடைக்காலத்திற் பல குடும்பங்களின் எதிர்காலத்தை அக்கோடே தீர்மானித்தது. தோணியும் வலையும் கரையிற் கிடக்க, வீடு மட்டும் உள்நிலத்துக்குப் பெயர்ந்தால் தொழில் என்னாகும் என்பது எளிய வினா. கூர்னாவிற் கேட்கப்படாததும் ஏறத்தாழ இதுவே. கொடையாளர் கட்டிக் கையளித்த வீடுகள் பலவற்றில், விறகடுப்பின் புகைக்கு வழியின்றிச் சமையலறை வீட்டினுள் அடைபட்டமை அக்காலத்திற் பரவலாக எழுந்த முறைப்பாடுகளுள் ஒன்று. மக்கள் அதற்குத் தம் வழியில் விடை கண்டனர். வீட்டின் பின்புறம் கிடுகாலும் தகரத்தாலும் ஒரு குசினி எழுந்தது. கட்டடக்கலைஞரின் வரைபடத்தைத் திருத்திய அந்தக் குசினிகளே இத்திட்டங்கள் பற்றி எழுதப்பட்ட சிறந்த விமரிசனம் எனலாம்.

இதன் எதிர்த்துருவத்தில், வீட்டுக்காரரிடமே பணத்தைத் தவணைகளாக வழங்கி அவரையே கட்டச்செய்யும் முறை உள்ளது. இந்திய அரசின் உதவியுடன் 2012 இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் நிறைவேற்றப்பட்ட திட்டத்தின் பெரும்பகுதி இம்முறையிலேயே அமைந்தது. வீடொன்றுக்கு 550,000 ரூபா; பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. கையளிக்கப்பட்ட வீட்டினும் தாம் எழுப்பிய வீட்டை மக்கள் விரும்பினர் என்பதில் வியப்பில்லை. ஆயினும் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் கேட்பதும் ஒன்றல்ல. விலைவாசி ஏறத் தவணை போதாமற் கடன்பட்டோர் உளர். எந்தத் திசையிற் சாளரம் வைத்தால் வீடு தணியும், எந்தச் செலவைக் குறைத்தாற் கூரை கெடாது என்று உடனிருந்து சொல்ல ஒருவர் இல்லாதவிடத்து, தெரிவுரிமை மேசன் அறிந்த ஒரே மாதிரியை மீளக் கட்டும் உரிமையாகச் சுருங்கிவிடுகின்றது. கட்டடக்கலைஞர் ஒருவர் 250 குடும்பங்களோடு பேசலாம், 46,000 குடும்பங்களோடு எவ்வாறு பேசுவது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் ஒரு பேரலுவலகம் செய்ய இயலாததை மாவட்டந்தோறும் இயங்கும் பல சிற்றலுவலகங்கள் செய்யலாம் என்பதையே வட்டபுளுவவின் சில மாதிரிகளும் பல வேறுபாடுகளும் காட்டுகின்றன.

இரு முறைகளுக்கும் புறம்பாக, 65,000 உருக்கு வீடுகளை இறக்குமதிப் பாகங்களாற் பொருத்தி நிறுத்தும் திட்டம் ஒன்று 2015 – 2016 இல் வடக்குக்கும் கிழக்குக்குமென முன்வைக்கப்பட்டது. ‘பொருத்து வீடு’ என்று மக்கள் அதனை அழைத்தனர். அப்பெயரிலுள்ள எள்ளல் கவனிக்கத்தக்கது. கல்வீட்டினும் கூடிய செலவு, வெப்பநிலத்துக்கு உருக்கின் பொருந்தாமை, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையின்மை எனப் பொறியியலாளரும் கட்டடக்கலைஞரும் அரசியலாளரும் அடுக்கிய மறுப்புகளின் முன் அது கைவிடப்பட்டது.

மினெற்றின் கண்டி வடிவங்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவரவேண்டும் என்பது இதன் கருத்தன்று. கண்டியின் மலைக்குளிருக்கும் சரிவுக்கும் பொருந்தியது, கடல்மட்டத்து வெம்மணலிற் பொருந்தாது. இங்கே ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அனலாக வீசும். ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சாய்த்துக்கொண்டு வரும். மேற்குச் சுவர் வெம்மையைத் தடுக்கவேண்டும். வடகிழக்குப் பக்கம் நீண்ட தாழ்வாரம் வேண்டும். இவை காற்றின் வினாக்கள். உறவின் வினா இன்னும் நுண்ணியது. கிழக்கிலங்கையின் பல ஊர்களில் வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். மூத்தவள் மணமானதும் அவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவின் வேறு மூலையில் அடுத்தவளுக்கான வீட்டைத் தொடங்குவர். ஆகவே இங்கு வீடு என்பது ஒரு கட்டடமன்று; ஒரு தலைமுறைக் காலம் வரை கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் வளவு. அளந்து கல்நாட்டிய சிறு காணியில், நடுவே வைக்கப்பட்ட ஒற்றை வீட்டைச் சுற்றி, கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் உரிய இடைவெளியை விட்டபின், இரண்டாவது மகளின் அத்திவாரத்துக்கு எந்த மூலை மிஞ்சும் என்பதை வரைபடத்தைக் கொண்டு கூறவியலாது. தாயைக் கேட்டால் அவள் உடனே சொல்லிவிடுவாள்.