உப்பளம் வரை வராத காப்பீடு

மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் கடலை நம்பிய ஊர், பக்கத்திலேயே உப்பளங்கள். விபத்தில் உயிரோ கை காலோ போனால் இங்கே காப்பீடு உண்டு. பாத்தியில் மழைநீர் தேங்கிக் கூலி போனால் கிடையாது. இந்தக் கோடு எப்படி விழுந்தது என்பதற்கு ப. சிதம்பரத்தின் காப்பீட்டுப் பணியைப் பார்க்கலாம்.

வழக்கறிஞர், ஹார்வர்டில் மேலாண்மை படித்தவர். நிதியமைச்சராக 1996-இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணைய மசோதாவைக் கொண்டுவந்தார். மக்களவை எதிர்ப்பால் 1997-இல் திரும்பப் பெற நேர்ந்தது. யஷ்வந்த் சின்கா காலத்தில், 1999-இல்தான் அது சட்டமாயிற்று. தனியாருக்குக் கதவைத் திறக்குமுன் காவலாளியை நிறுத்த நினைத்தது சரியான யோசனை.

அதைவிட நல்ல காரியம், 2007-இன் ஆம் ஆத்மி பீமா யோஜனா. நிலமற்ற குடும்பத் தலைவருக்கு ஆண்டு பிரீமியம் 200 ரூபாய். பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. இயற்கை மரணத்துக்கு 30,000, விபத்து மரணத்துக்கு 75,000. தொழிலாளி கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. இன்றைய சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டில் 20 ரூபாய் அவர் வங்கிக் கணக்கிலிருந்தே கழியும். இருப்பு இல்லாவிட்டால் பாதுகாப்பும் இல்லை.

கோளாறு கணக்கெடுப்பில். ஆணையத்தின் 2000-ஆம் ஆண்டு விதிப்படி புதிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் முதல் ஆண்டில் 5 சதவீதப் பாலிசிகளைக் கிராமங்களில் விற்க வேண்டியிருந்தது. நலிந்த பிரிவில் 5,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று கேட்ட விதி, எத்தனை குடும்பத்துக்குப் பணம் போனது என்று கேட்கவில்லை. கடலில் காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு ஆண்டு ஆகும் என்கிறது சாட்சியச் சட்டம். பாலிசி கையிலிருந்தும் மனைவி காத்திருக்க வேண்டும்.

உப்பளத்துக்கோ பாலிசியே பொருந்தவில்லை. ஐப்பசி பிறந்தால் உப்புக் குவியலைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடிவிட்டு, வாரும் பலகையைச் சாய்த்து வைக்க வேண்டியதுதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையோரம்தான் கடந்தது. மழைக்கால நிவாரணமாக மாநில அரசு தரும் 5,000 ரூபாய் பல மாத வேலையின்மைக்கு எந்த மூலைக்கு? குஜராத்தில் சேவா அமைப்பு, வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே பெண் தொழிலாளர்களுக்குப் பணம் போகும் காப்பீட்டை நடத்துகிறது. உப்பளப் பெண்களும் அதில் உண்டு. விண்ணப்பம், பிரேதப் பரிசோதனை அறிக்கை எதுவும் வேண்டாம். இதையே மழைக்கு வைத்தால், மழைமானி தொலைவில் இருக்கும்போது நனைந்தவருக்குக் கிடைக்காமல் போகும் ஆபத்து இதிலும் உண்டு. ஆனாலும் மரக்காணத்துக்கு ஏற்றது இந்த வகைதான்.

மழையை அளவுகோலாக வைத்து உப்பளத் தொழிலாளருக்கு ஒரு பாலிசியும், பாதி பாதியாக அரசுகள் பிரீமியம் கட்டும் 2007-இன் ஏற்பாடும் சேரட்டும். கூடவே, கேட்டவர் எத்தனை, பெற்றவர் எத்தனை, எத்தனை நாளில் என்று மாவட்டவாரியாக ஆணையம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.