தட்டில் ஏறாத அடி

பீட் போடும் மென்பொருள் எதைத் திறந்தாலும் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் ஒலிகள் நூற்றுக்கணக்கில் ஆயத்தமாக நிற்கின்றன. திருவொற்றியூர்ப் பையனும் டெட்ராய்ட் பையனும் ஒரே கிக்கை எடுத்து வைக்கிறார்கள். இதில் சலித்துப்போனவர்கள் பழைய இசைத்தட்டுகளின் பக்கம் திரும்புகிறார்கள். தட்டைச் சுழலவிட்டு, ஒற்றை ஒற்றை அடியாக வெட்டியெடுத்து, தமக்கென்று ஒரு டிரம் தொகுப்பு செய்துகொள்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று நீளும் துறைமுகக் கரையில் இருந்துகொண்டு இதைச் செய்பவர் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அந்தத் தட்டில் கேட்பது யார் அடித்த அடி?

இந்த முறை நியூயார்க்கில் வளர்ந்தது. 1987இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 கருவியில் மொத்தம் 10 விநாடி ஒலிக்குத்தான் இடம். அதனால் 33⅓ வேகத் தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் சுருதியை இறக்கினார்கள். இடம் மிச்சமாயிற்று, 12-பிட் பதிவின் சொரசொரப்பும் அடியில் ஏறிக்கொண்டது. சிக்கனத்துக்குச் செய்தது பாணியாக நிலைத்துவிட்டது. அந்தத் தலைமுறை ஓயாமல் எடுத்தாண்ட அடிகளில் இரண்டு பெரும்புகழ் பெற்றவை. ஒன்று, ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபில்ஃபீல்டு 1969இல் வாசித்தது. மற்றொன்று, அதே ஆண்டு தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஏமென், பிரதர்’ தட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஏறத்தாழ ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியின்மேல் ஆயிரக்கணக்கான பாட்டுகள் எழுந்தன. கோல்மனுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை; 2006இல் வீடில்லாதவராக இறந்தார்.

நம் தட்டுகளுக்கு வருவோம். எச்.எம்.வி., கொலம்பியா, பிறகு பாலிடார், இன்ரிகோ, எக்கோ என்ற முத்திரைகளில் வந்த தமிழ்த் தட்டுகளில் பெரும்பங்கு திரைப்பாட்டு. 1985இல் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகள் தேடினால் கிடைத்தன. வாத்தியக்குழு மொத்தமும் கூடி உட்கார்ந்து வாசிக்க, மோனோவில் பதிந்த பாட்டுகள் அவை. தபேலா, டோலக், பாங்கோஸ், டிரம்ஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதற்கு மேலே வயலின் கூட்டம், அதற்கும் மேலே குரல். தனித்து நிற்கும் அடி அபூர்வம். பல்லவிக்கு முந்திய ஒரு தட்டல், இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் முன் ஓர் உருட்டல், பாட்டு அடங்கும் இடத்தில் கடைசி அடி – வேட்டைக்கு இவ்வளவுதான். இளையராஜாவின் ‘ப்ரியா’ (1978) போல ஸ்டீரியோவில் வந்தவற்றில் கொஞ்சம் சுலபம். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் சில இடங்களில் தாளம் தனியே பிரிந்து வரும்.

எடுக்கும் முறையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடற்காற்றின் உப்பும் நிலக்கரித் தூசும் படியும் ஊரில் தட்டைச் சுத்தம் செய்யாமல் ஊசியை வைக்கக் கூடாது. வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். 78 வேக அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கே கரைந்துவிடும். அந்தத் தட்டின் பள்ளமும் அகலம், எல்.பி. ஊசியைவிட மூன்று மடங்கு தடித்த ஊசி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து உரசி இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். மோனோ தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டினால் இரு பக்கத்தையும் கூட்டி ஒன்றாக்கிவிட வேண்டும். ஊசி மேலும் கீழும் அசைவதால் எழும் சத்தம் அப்போது பெருமளவு அடிபட்டுப் போகும். தட்டின் வெளி ஓரத்தில் அடி கூர்மையாக இருக்கும். லேபிளை நெருங்க நெருங்க மழுங்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் வேறு கிக்கின் அடிநாதம் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். பிறகு ஃபில்டர் போட்டு அறுத்தால் கிக்கும் சேர்ந்து போய்விடும். எனவே பதிவுக்கு முன்பே எர்த் வயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டும்போது அடி எழுவதற்குச் சற்று முன், அலை சுழியைக் கடக்கும் இடத்தில் வெட்டினால்தான் ‘டிக்’ என்ற சத்தம் ஒட்டாது. அடிக்குப் பின்னால் வயலினின் வால் கொஞ்சம் தொங்கினால் என்ன செய்வது? விட்டுவைக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த அடி கோடம்பாக்கத்தில் பிறந்தது என்பதற்கு அந்த வால்தான் அடையாளம்.

வெளிநாட்டார் நம் பாட்டுகளை எப்போதோ துழாவத் தொடங்கிவிட்டார்கள். ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்தின் இளையராஜா பாட்டு ஒன்று 2003இல் பிளாக் ஐட் பீஸ் குழுவின் ‘எலிஃபங்க்’ தொகுப்புக்குள் போயிற்று. ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான எம்.ஐ.ஏ., 2007இல் வந்த தன் ‘கலா’ தொகுப்பில் ‘தளபதி’ பாட்டை எடுத்தாண்டார். அதே தொகுப்பின் ‘பேர்ட் ஃப்ளூ’ இன்னும் முக்கியமானது. அதில் ‘ஜெயம்’ படப்பாட்டின் துண்டும் இருக்கிறது. சென்னையில் உறுமிக்காரர்களை வாசிக்கவைத்துப் பதிந்த அடியும் இருக்கிறது. பதிவில் கிடைப்பது போதாது, ஆளைத் தேடிப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வடசென்னைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இங்கே சாவு வீட்டில் இரவெல்லாம் நடக்கும் கானாக் கச்சேரிக்கு டோலக் உண்டு. தீப்பெட்டியும் பாத்திரமும்கூடத் தாளம் போடும். பாடை கிளம்பினால் சட்டி மேளம் முன்னே போகும். குச்சி பட்டதும் நெஞ்சில் அறையும் அந்தச் சட்டியின் ஒலிக்கு நிகரான ஸ்னேரை நான் எந்தத் தொகுப்பிலும் கேட்டதில்லை. அது பழைய தட்டுகளில் இல்லை. ‘பொம்மலாட்டம்’ (1968) படத்தில் வி. குமார் இசையில் மனோரமா பாடியபோது சென்னைத் தமிழ் தட்டில் ஏறியது. பேச்சு ஏறிய அளவுக்கு மேளம் ஏறவில்லை. சாவு மேளம் அடிப்பவரைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊரில், ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு மட்டும் அவருக்கு எப்படித் திறந்திருக்கும்? தேவா ‘காதல் கோட்டை’யில் (1996) தானே கானா பாடியபோது இசைத்தட்டுக் காலம் முடிந்து கேசட் ஆண்டுகொண்டிருந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா ‘அட்டகத்தி’யில் (2012) பாடியது கணினிக் காலத்தில். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது கானாவும் பறையும் சட்டியும் கிதாரோடு சரிசமமாக நின்றன.

ஆகவே வடசென்னையின் ‘பழைய ரெக்கார்டு’ என்று ஒன்றைச் சொல்வதானால் அது கானாக் கேசட்தான். அதில் டோலக்கின் இடந்தலை நாடாவின் கொள்ளளவை மீறி அமுங்கி, தானாகவே ஒரு தடிப்பு ஏறியிருக்கும். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டின் கோணத்தைத் திருத்த வேண்டும். விட்டுவிட்டால் தீப்பெட்டியின் ‘சட்சட்’ மங்கிப் போகும். இந்தக் கேசட்டுகள் ஈரத்தில் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தட்டுகளுக்கு நிறுவனக் கிடங்கு இருக்கிறது. இவற்றைக் காப்பாற்ற வீட்டுப் பரணை விட்டால் வேறு இடமில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். 1960இல் வெளிவந்த தட்டின் பதிவுரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. மெட்டின் உரிமை தனி. அது இசையமைப்பாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டு இருக்கும். ஒற்றை அடியில் மெட்டு இல்லை என்றாலும் பதிவு இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்களே இதில் ஒத்துப்போகவில்லை. 2005இல் ஒன்று, எவ்வளவு சிறிய துண்டானாலும் அனுமதி வேண்டும் என்றது. 2016இல் மற்றொன்று, மடோனா வழக்கில் 0.23 விநாடித் துண்டு பொருட்படுத்தத் தக்கதல்ல என்றது. நம் ஊரில் வாசிப்பவருக்கே தம் நிகழ்த்தலின்மேல் ஓர் உரிமையை 1994இன் சட்டத்திருத்தம் தந்தது. மேளக்காரர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொன்னோம்?

கோடம்பாக்கத் தட்டுகளை எடுத்தாளுங்கள். அவற்றில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அதோடு, உங்கள் தெருவின் சட்டி மேளக்காரரையும் டோலக்காரரையும் ஒரு நாள் கூலிக்கு மேலேயே கொடுத்து அழையுங்கள். ஒவ்வோர் அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியே பதியுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வரும் வருமானத்தில் பங்கு எழுதுங்கள். அந்த ஒலிக்கோப்புக்கு ‘ஸ்னேர் 01’ என்று பெயர் வைக்காமல் வாசித்தவரின் பெயரை வையுங்கள்.