ஃபைவ் ஸ்பாட் கபே ஜாஸ் இரவுகள் (1957)

நியூயார்க்கின் கூப்பர் சதுக்கத்தில் இருந்த சிறிய மதுவிடுதி ஃபைவ் ஸ்பாட் கபே. 1957 கோடையில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் அங்கே வாசிக்கத் தொடங்கினார். ஆண்டின் இறுதிவரை அது நீடித்தது. சாக்சபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன்.

மது விற்கும் இடங்களில் வாசிக்க 1967 வரை அந்நகரக் காவல்துறையின் அனுமதி அட்டை வேண்டியிருந்தது. 1951இல் போதைப்பொருள் வழக்கில் மங்க் அதை இழந்தார். ஆறு ஆண்டுகள் சொந்த ஊரின் விடுதிகள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. (குற்றத்துக்கு மேல் வயிற்றிலும் அடிக்கும் விதி!) கோல்ட்ரேனோ அவ்வாண்டில்தான் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, ஹெராயின் பழக்கத்தை விட்டவர்.

மங்கின் மெட்டுகள் எதிர்பாராத இடத்தில் நிற்கும். சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். வாசிப்பின் நடுவே அவர் எழுந்து ஆடத் தொடங்கிவிடுவார். பாஸும் டிரம்ஸும் மட்டும் துணையிருக்க, கோல்ட்ரேன் தானே வழி கண்டாக வேண்டும். இரவுதோறும் நடந்த இந்தப் பயிற்சியை எந்த ஒத்திகையும் தந்திருக்காது.

அந்தக் கோடை இரவுகள் நேரடி ஆல்பமாக வரவில்லை. ஆனால் நவம்பர் 29 அன்று இக்குழு கார்னகி அரங்கில் வாசித்த பதிவு, 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. முன்னதாக ஸ்டூடியோவில் பதிவான 'நட்டி'யையும் இதிலுள்ள 'நட்டி'யையும் அடுத்தடுத்துக் கேட்டால் வளர்ச்சி விளங்கும். முதலாவதில் கோல்ட்ரேன் மெட்டைத் துரத்துகிறார். இரண்டாவதில் அதற்குள்ளேயே உலவுகிறார். குறையும் உண்டு: அரங்கில் எந்தப் பாடலும் பத்து நிமிடத்தைத் தொடவில்லை. கபேயில் இருந்த தாராளம் இதில் கேட்கக் கிடைக்காது.