ரொட்டிப் பெயர்கள் வரும் பிரசங்கம்

மார்ட்டின் லூதர் கிங்கின் கடைசி உரையை நம்மில் பலர் ஒரு நிமிடத் துண்டாகத்தான் பார்த்திருப்போம். மலையுச்சிக்குப் போய் வந்ததாகச் சொல்லும் இடம். வியர்த்த முகம், கலங்கிய கண். மறுநாள் சாயங்காலம் சுட்டுக் கொல்லப்படப் போகிறார் என்று நமக்குத் தெரியும், அதனால் அந்தத் துண்டு தீர்க்கதரிசனமாகவே ஆகிவிடுகிறது. ஆனா உரையின் நடுப்பகுதியை யாரும் பகிர்வதில்லை. எனக்கென்னவோ விஷயமே அங்கேதான் இருக்கு.

1968 ஏப்ரல் 3, மெம்ஃபிஸ் நகரின் மேசன் டெம்பிள். வெளியே புயல் மழை. களைத்துப்போயிருந்த கிங் விடுதியிலேயே தங்கிவிட்டு நண்பர் ஏபர்நாத்தியை அனுப்பியிருந்தார். கூட்டம் உங்களைத்தான் எதிர்பார்க்குது என்று அவர் போன் செய்த பிறகே கிளம்பி வந்து, கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் பேசினார்.

அவரை அந்த ஊருக்கு வரவைத்தது குப்பை. பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்பக்கம் ஏறியிருந்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் குப்பையை அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். 12ஆம் தேதி சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தை அங்கீகரிக்க முடியாது என்பதில் மேயர் ஹென்றி லோப் பிடிவாதமாக நின்றார்.

இந்த மேடையில் ஒரு பாப்டிஸ்ட் போதகர் என்ன பேசுவார்? அன்பு, பொறுமை, பரலோகம் என்றுதானே எதிர்பார்ப்போம். கிங் ரொட்டியைப் பற்றிப் பேசுகிறார். வொண்டர் பிரெட் வாங்காதீங்க, சீல்டெஸ்ட் பால் வாங்காதீங்க, கோக்கோ கோலா வேண்டாம் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். வேலைக்கு ஆள் எடுப்பதில் இவர்கள் நியாயமாக நடப்பதில்லை என்பது அவர் வாதம். நகரத்து வங்கிகளில் கிடக்கும் பணத்தை எடுத்து, கறுப்பினத்தவர் நடத்தும் ட்ரை-ஸ்டேட் வங்கியில் போடச் சொல்கிறார். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் லூக்கா 10ஆம் அதிகாரத்து நல்ல சமாரியனிடம் வருகிறார். இந்த வரிசை முக்கியம். பிறனிடத்தில் அன்பு என்பது மளிகைக் கணக்கு வழியாக உள்ளே வருகிறது.

கதை எல்லாருக்கும் தெரியும். கள்ளர் கையில் அடிபட்டு ஒருவன் எரிகோ சாலையில் கிடக்கிறான். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். ஏன் நிற்கவில்லை என்பதற்கு கிங் சில யூகங்களை அடுக்குகிறார். சபைக் கூட்டத்துக்கு நேரமாகியிருக்கலாம், தீட்டுப் பயமாக இருக்கலாம். கடைசியில் ஒரு கிண்டல்: 'எரிகோ சாலை முன்னேற்றச் சங்கம்' ஆரம்பிக்கப் போய்க்கொண்டிருந்தார்களோ என்னவோ, தனி ஒருவனிடம் மாட்டிக்கொள்வதைவிடப் பிரச்சனையின் வேரைப் பிடிப்பது நல்லது என்று நினைத்தார்களோ என்னவோ.

முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னால், 1967 ஏப்ரல் 4, நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியபோது, வழியில் கிடப்பவனுக்கு உதவுவது வெறும் ஆரம்பம்தான், எரிகோ சாலையையே மாற்றியாக வேண்டும் என்று சொன்னவர் இதே கிங். 1955இல் பேருந்துப் புறக்கணிப்பை நடத்திய மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்தின் தலைவரும் இவர்தான். யாரைக் கிண்டல் பண்றார்? தன்னையேதான். அப்போது அவர் வாஷிங்டனுக்கு ஏழை மக்கள் இயக்கத்தைக் கொண்டுபோகும் ஏற்பாட்டில் இருந்தார். மெம்ஃபிஸ் கவனத்தைச் சிதறடிக்கும் என்று அவருடைய ஆட்களே தடுத்தார்கள். சாலை போடப் போனவர் வழியில் நின்றுவிட்டார். கருத்தியலில் முரண்பாடுதான். எனக்கு அதில் புகார் இல்லை. வேர், வேர் என்று சொல்லியே பக்கத்தில் கிடப்பவனைத் தாண்டிப் போகும் ஆட்களை (என்னையும் சேர்த்து) நிறையப் பார்த்தாச்சு.

என் புகார் வேறு. ஞாயிறு பள்ளி நாடகத்தில் எனக்கு அடிபட்டவன் வேஷம் போட்டார்கள். வசனமே கிடையாது, சும்மா கிடக்கணும். ஊளையிடுவதற்கும் அனுமதி இல்லை. அந்தக் கதையின் கோளாறே இதுதான். அடிபட்டவனுக்கு வாய் இல்லை. கேள்வியெல்லாம் கடந்து போகிறவர்களுக்குத்தான். நான் நின்னா எனக்கு என்னாகும் என்ற கேள்வியை, நான் நிற்கலைன்னா அவனுக்கு என்னாகும் என்று சமாரியன் புரட்டிப் போட்டதாக கிங் சொல்கிறார். பிறகு 'அவன்' இருந்த இடத்தில் துப்புரவுத் தொழிலாளர்களை வைக்கிறார். அழகான திருப்பம், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சாலையோரம் கிடக்கவில்லையே. கிங் மெம்ஃபிஸ் வருவதற்கு ஒரு மாதத்துக்கும் முன்பே வேலையை நிறுத்தி எழுந்து நின்றவர்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளைப் பிடித்து நடந்தவர்கள். காயம்பட்டவனே பேசும் வாசகம் அது. நாடகத்தில் எனக்குத் தரப்படாத வசனம்.

கிங்குக்கு இது தெரியாமல் இல்லை என்று நினைக்கிறேன். ரொட்டியும் வங்கியும் வரும் பகுதியில் கேட்பவர்கள் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருப்பவர்கள் அல்ல. தங்கள் காசுக்கு எவ்வளவு பலம் என்று அவர்களுக்கே எடுத்துச் சொல்கிறார். அந்தப் பகுதியின் அரசியல் உவமையின் அரசியலைவிடக் கூர்மையானது. இரண்டும் ஒரே உரைக்குள் ஒட்டாமல் கிடக்கின்றன, கிங் அவற்றை ஒட்டவைக்க மெனக்கெடவும் இல்லை.

ஏப்ரல் 4 மாலை, லொரைன் மோட்டலின் மாடித் தாழ்வாரத்தில் அவரைச் சுட்டார்கள். வேலைநிறுத்தம் அதோடு முடியவில்லை. 8ஆம் தேதி கொரெட்டா கிங் முன்னால் நடக்க, ஆயிரக்கணக்கானோர் மெம்ஃபிஸ் தெருக்களில் மௌனமாக ஊர்வலம் போனார்கள். 16ஆம் தேதி நகராட்சி இறங்கி வந்து சங்கத்தை அங்கீகரித்தது, கூலியை உயர்த்த ஒப்புக்கொண்டது. கையெழுத்தானதும் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், அதே லாரிகளில்.