லோலிடா நாவலின் ஒளிப்பட அட்டைகள்

விளாதிமிர் நபக்கோவின் ‘லோலிடா’ 1955-ல் பாரிஸின் ஒலிம்பியா பிரஸ் வெளியீடாக இரண்டு பாகங்களில் வந்தது. பச்சை நிற அட்டையில் எழுத்துகள் மட்டுமே இருந்தன, படம் இல்லை. 1958-ல் பட்னம் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பின் மேலுறையிலும் எழுத்துகள் மட்டுமே. அதன்பின் பல மொழிகளில் வந்த பதிப்புகள் சிறுமி அல்லது இளம்பெண்ணின் ஒளிப்படத்தை முகப்பில் வைத்தன. இன்று நாவலைப் படிக்காதவர்களுக்கும் அதன் பெயரோடு நினைவுக்கு வருவது அத்தகைய ஒரு படமே.

நபக்கோவ் இதை வேண்டாம் என்றே சொல்லியிருந்தார். 1958-ல் பட்னம் பதிப்பாளர் வால்டர் மின்டனுக்கு எழுதிய கடிதத்தில், தூய வண்ணங்களும் மேகங்களும் போதும், மழைக்குப் பின் பள்ளங்களில் ஒளி தேங்கிய, தொலைவில் மறையும் சாலை ஒன்று இருக்கலாம், பெண் உருவம் மட்டும் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எழுத்தாளரின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நாவலின் அமைப்பே இந்த விலக்கைக் கோருகிறது.

கதையைச் சொல்பவன் ஹம்பர்ட் ஹம்பர்ட். சிறையிலிருந்து எழுதும் குற்றவாளி. அவன் கைப்பற்றிக்கொள்ளும் டொலோரஸ் ஹேஸ் 12 வயதுக் குழந்தை. வாசகர் அவளை அவன் சொற்களின் வழியாக மட்டுமே காண்கிறார். அவன் சொல்வதைச் சரிபார்க்க வேறு சாட்சி இல்லை. நாவலுக்குள் ஒளிப்படங்கள் தோல்வியடைவதும் தற்செயல் அல்ல. ஹம்பர்ட்டின் சிறுவயதுத் தோழி அனபெல் இடம்பெற்ற ஒரே படத்தில் அவள் முகம் சரியாக விழவில்லை. அந்தப் படமும் தொலைந்துவிட்டது. டொலோரஸ் டென்னிஸ் ஆடுவதைப் படமெடுத்து வைக்காமல் விட்டேனே என்று பின்னால் அவன் வருந்துகிறான். ஓவியத்தைப் பார்ப்பவர் அதை ஒருவரின் கற்பனையாக எடுத்துக்கொள்வார், ஒளிப்படமோ ‘இவள் இருந்தாள், இப்படித்தான் இருந்தாள்’ என்று சொல்லும். எனவே நாவலுக்கென்றே ஒரு பெண்ணை நிறுத்தி எடுத்த படம் அட்டையில் வரும்போது, பதிப்பகமே ஹம்பர்ட்டின் தரப்புச் சாட்சியாகிவிடுகிறது.

இதற்குத் தொடக்கமாக அமைந்தது ஸ்டான்லி குப்ரிக்கின் 1962 திரைப்படத்தின் விளம்பரத்துக்காக பெர்ட் ஸ்டெர்ன் எடுத்த படம். சூ லயன் இதய வடிவச் சிவப்புக் கண்ணாடியும் வாயில் குச்சிமிட்டாயுமாகப் பார்வையாளரை நேராகப் பார்க்கிறார். அந்தக் கண்ணாடி நாவலில் இல்லை. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட திரைப்படத்திலும் இல்லை. விளம்பரத்தில் மட்டுமே இருந்த ஒரு பொருள் நாவலின் அடையாளமாகிவிட்டது. படப்பிடிப்பு தொடங்கியபோது லயனுக்கு வயது 14 என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். படம் சொல்வது ‘அழைப்பவள் அவள்’ என்பது. ஹம்பர்ட் தன் குற்றத்துக்குச் சொல்லும் சமாதானமும் அதுவே. அமெரிக்கச் சாலைகளில் விடுதி விடுதியாக அலைந்த நாட்களில் அவள் இரவுதோறும் அழுததை நாவல் ஒரு சிறு குறிப்பாகச் சொல்லிச் செல்கிறது. இதயக் கண்ணாடியின் பின்னால் அந்த அழுகைக்கு இடமில்லை.

பிற்காலப் பதிப்புகள் சில முகத்தைத் தவிர்த்தன. காலுறை அணிந்த கால்கள், பாவாடையின் விளிம்பு, 2005-ல் வின்டேஜின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் உதடுகளின் அண்மைக்காட்சி. இவை நாசூக்கானவை என்று பாராட்டப்படுவதுண்டு. ஆனால் உடலைத் துண்டுகளாக்கிப் பார்ப்பது ஹம்பர்ட்டின் பழக்கம். முகத்தை நீக்கியதால் அவன் பார்வை நீங்கிவிடவில்லை, இன்னும் நெருங்கி வந்திருக்கிறது.

ஆளைக் காட்டாமலே ஒளிப்படத்தைப் பயன்படுத்த முடியும் என்பதற்கு நபக்கோவின் பிற நூல்களே சான்று. 2009 வாக்கில் வின்டேஜின் கலை இயக்குநர் ஜான் கால், பூச்சி மாதிரிகளை வைக்கும் பெட்டியைப் பல வடிவமைப்பாளர்களிடம் கொடுத்தார். நபக்கோவ் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர், ஹார்வர்டின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். வடிவமைப்பாளர்கள் தாளும் ஊசியும் கொண்டு அமைத்த பெட்டிகள் ஒளிப்படமெடுக்கப்பட்டு அட்டைகளாயின. ‘ஸ்பீக், மெமரி’ தன்வரலாற்றுக்கு மைக்கேல் பீரூட் பழைய ஒளிப்படங்களை மங்கலான தாளால் மூடி வைத்தார். முகங்கள் தெரிந்தும் தெரியாமலும் இருக்கின்றன, நினைவுகூர்தல் அப்படித்தான் இருக்கும். இந்த வரிசையின் குறையையும் சொல்ல வேண்டும். எல்லா நூல்களும் ஒரே பெட்டிக்குள் அடைபடுவதால், நாவல்களைவிட நபக்கோவின் பொழுதுபோக்கே முன்னால் நிற்கிறது.

ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் டீட்டர் சிம்மர் திரட்டிவைத்த லோலிடா அட்டைகளின் தொகுப்பைக் கண்ட கட்டடக் கலைஞர் ஜான் பெர்ட்ரம், புதிய அட்டைகளுக்காக ஒரு போட்டி நடத்தினார். அதன் தொடர்ச்சியாக, வடிவமைப்பாளர்கள் பலரின் புதிய அட்டைகளும் கட்டுரைகளும் அடங்கிய நூல் அவரும் யூரி லேவிங்கும் தொகுக்க 2013-ல் வெளிவந்தது. அதில் அதிகம் பேசப்பட்டது ஜேமி கீனனின் அட்டை. இரு சுவர்களும் கூரையும் சந்திக்கும் அறை மூலை, அவ்வளவுதான். சற்று உற்றுப் பார்த்தால் அது ஒரு சிறுமியின் உடலாகத் தெரிகிறது. அப்படிப் பார்த்தது தன் கண்தான் என்பது பார்ப்பவருக்கு உடனே உறைக்கிறது. ஹம்பர்ட்டின் பார்வையை இதுவும் விலக்கவில்லை, ஆனால் அதை வாசகரின் மீதே திருப்பிவிடுகிறது. இருந்தும் வரும் உருவம் மீண்டும் உடல்தான். நபக்கோவ் கேட்ட சாலையில் அதுவும் இல்லை.