பிணை என்ற ஒரு சொல்: மாணவர் கட்டுரைகளில் சீறாவும் சித்திலெப்பையும்

மீலாத் காலத்திலும் தமிழ்த் தினப் போட்டிக் காலத்திலும் ருவான்வெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைச் சில வருடங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். எழுதுவோர் தரம் 9 முதல் உயர்தரம் வரை படிப்பவர்கள். தலைப்புகள் அதிகம் மாறுவதில்லை. இலக்கியம் என்றால் உமறுப் புலவரும் சீறாப்புராணமும். பெரியார்கள் என்றால் அறிஞர் சித்திலெப்பை, ரி. பி. ஜாயா, ஏ. எம். ஏ. அஸீஸ். இந்தக் கட்டுரைகளைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வந்தால், "புள்ளைகளுக்கு எழுத்துப் பிழை கூடிப்போச்சு" என்பதோடு முடிந்துவிடும். எழுத்துப் பிழை எனக்குப் பெரிய கவலை இல்லை. ரகர றகரத்தை ஒரு தவணையில் சரிப்படுத்திவிடலாம்.

சீறாவைப் பற்றிய பத்துக் கட்டுரைகளை எடுங்கள். பத்திலும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்ற மூன்று காண்டங்கள் இருக்கும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், வள்ளல் சீதக்காதி, அபுல் காசிம் மரைக்காயர் எல்லாம் வரிசையாக வந்து நிற்பார்கள். கடைசியில் உமறு கம்பனுக்கு நிகரானவர் என்று ஒரு தீர்ப்பு. தகவல் பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒரு பாடலையாவது பிள்ளை வாசித்தது என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. கம்பனையும் வாசிக்காமல் உமறுவையும் வாசிக்காமல் இருவரையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதற்கு யார் பழக்கியது? நாங்கள் கொடுக்கும் நோட்ஸ்தான்.

மானுக்குப் பிணை நின்ற படலத்தையே எடுத்துக்கொள்வோம். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று அண்ணலாரிடம் (ஸல்) முறையிடுகிறது. அண்ணலார் பிணை நிற்கிறார்கள். மான் கன்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. பிள்ளைகள் எல்லோரும் கதையைச் சரியாகச் சொல்லி, 'இதிலிருந்து நபிகளாரின் ஜீவகாருண்யம் விளங்குகிறது' என்று முடிக்கிறார்கள். விளங்குகிறதுதான். ஆனால் அது கதையிலிருந்து விளங்குவது. அதை உரைநடையில் யார் சொன்னாலும் விளங்கும். உமறு என்ன செய்தார்?

தமிழில் பிணை என்றால் பெண்மான். பிணை என்றால் ஜாமீனும்தான். பிணைக்காகப் பிணை நிற்பது என்பதைத் தமிழில்தான் இப்படிச் சொல்ல முடியும். அறபியில் இருந்து வந்த செய்தி தமிழுக்குள் நுழைந்ததும் மொழி தன் பங்குக்கு ஒன்றைக் கொடுக்கிறது. போனது ஒரு பிணை, வந்தது தாயும் கன்றுமாக இரண்டு. அந்தக் கணக்கில்தான் புலவரின் மனம் துள்ளுகிறது. இந்த ஒரு சொல்லைப் பிடித்து ஒரு பக்கம் எழுதிய பிள்ளை, ஐந்து பக்கம் நோட்ஸை ஒப்புவித்த பிள்ளையைவிடச் சீறாவுக்குக் கிட்ட நிற்கிறது.

ஒரு போட்டியில் வந்த கட்டுரை இன்னும் நினைவில் இருக்கிறது. எழுதியது றப்பர் தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் பால் வெட்டுகிறவர்கள். அது வேடனின் பக்கம் போய் நின்றது. நாள் முழுக்கக் காட்டில் அலைந்து பிடித்த மானை விட்டுவிட்டால் அந்த மனிதன் அன்றிரவு வீட்டுக்கு என்ன கொண்டுபோவான் என்று கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி. உமறுவும் வேடனை ஒரேயடியாகக் கொடியவனாக ஆக்கிவிடவில்லை. அவன் தன் பசியையும் பாட்டையும் சொல்லித்தான் தயங்குகிறான். அவனுடைய நட்டம் உண்மையான நட்டமாக இருப்பதால்தான் பிணைக்கே ஒரு கனம் வருகிறது. நடுவர்கள் அந்தக் கட்டுரையைத் தலைப்புக்குப் புறம்பானது என்று ஒதுக்கினார்கள். முதலிடம் பெற்றது வழமையான கட்டுரை.

இதே படலத்தில் பிள்ளைகள் எழுதாமல் வாயால் மட்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், இது மெய்யா நடந்ததா?" முன்பு யாரும் கேட்டதில்லை, இப்போது ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். பயான்களில் 'பலவீனமான ஹதீஸ்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். "நல்ல கேள்வி மகள்" என்றுதான் தொடங்க வேண்டும். இந்தச் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் துறையினரிடம் விமர்சனம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. அது அந்தத் துறையின் வேலை. மக்கத்து நாட்டைப் பாடும்போது மருத நிலத்து வயலும் வாய்க்காலும் எங்கிருந்து வந்தன என்பது இலக்கியத்தின் வேலை. காப்பியம் என்றால் நாட்டுப் படலம் வேண்டும், நாடு என்றால் நெல் விளைய வேண்டும் என்பது தமிழ்க் காப்பிய மரபு. உமறுவுக்கு அறபு நாடு தெரியாது என்று எழுதும் பிள்ளையும், அதைப் படித்துச் சீறாவையே தள்ளிவைக்கும் பெரியவரும் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பத்தில் கட்டுரைப் போட்டி ஒரு கள்ள அமைதியைக் காக்கிறது. புகழ்ந்து எழுதினால் போதும், யாருக்கும் பிரச்சினை இல்லை.

சித்திலெப்பைக் கட்டுரைகளில் வேறு விதமான நட்டம். 1838இல் கண்டியில் பிறந்தார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். 1883இல் மிஸ்றிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவோடு சேர்ந்து கல்விக்கு உழைத்தார். 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். 1898இல் வபாத்தானார். இவ்வளவும் ஒரே பந்தியில் இருக்கும். கண்டியில் இருந்த ஒரு சட்டத்தரணி தன் நாவலுக்குக் கண்டியை விட்டுவிட்டு மிஸ்று தேசத்துப் பிள்ளை ஒன்றை ஏன் நாயகனாக்கினார் என்ற கேள்வி, அந்த ஆண்டுகளை அடுத்தடுத்து எழுதிய கைக்கே வரவில்லை. ஆண்டுகள் கிட்டக் கிட்ட இருப்பது அத்தாட்சி ஆகாது, நாவலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் திறந்து பார்க்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

'பல எதிர்ப்புகளுக்கு மத்தியில்' என்ற தொடர் இல்லாத சித்திலெப்பைக் கட்டுரையை நான் கண்டதில்லை. எதிர்த்தவர்கள் யார்? எங்கள் மூத்தவாப்பாமாரின் வாப்பாமார்தான். அன்றைய ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளை ஆங்கிலம் படிக்கப் போய் தீனை விட்டுவிடுமோ என்ற அச்சத்துக்கு இடமிருந்தது. அந்த அச்சத்தை மதித்து, அதற்கு மறுமொழியாக முஸ்லிம் பாடசாலையையே கட்ட நினைத்ததில்தான் சித்திலெப்பையின் புத்தி தெரிகிறது. எதிர்த்தவர்களை மூடர்களாக்கினால் அவரும் சிறுத்துப்போகிறார். தஸவ்வுப் பற்றி அவர் எழுதிய 'அஸ்றாறுல் ஆலம்' எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. 'கல்வித் தந்தை' என்ற சட்டகத்துக்குள் அது அடங்காது, அதனால் விட்டுவிடுகிறார்கள்.

பேராசிரியர் உவைஸ் அவர்களின் முஸ்லிம் தமிழ் இலக்கிய ஆய்வு நூலாக வந்தது 1953இல். நூல்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் தேடித் திரட்டும் பெரும் வேலையை அவர்கள் அன்றைக்கே செய்து வைத்தார்கள். எழுபது வருடத்துக்குப் பிறகும் பிள்ளைகளைப் பட்டியலையே திருப்பி எழுத வைப்பதற்குப் போட்டி எதற்கு?

நடத்துகிறவர்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. 'உமறுப் புலவரின் கவித்திறன்' என்று தலைப்புக் கொடுக்காமல் சீறாவின் நான்கு பாடல்களை அருஞ்சொற்பொருளோடு அச்சடித்துக் கொடுத்து, இதைப் பற்றி எழுது என்று விடுங்கள். சித்திலெப்பைக்கு அவருடைய நாவலிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ ஒரு பக்கம். புள்ளித்திட்டத்தில் பிறந்த ஆண்டுக்கும் இறந்த ஆண்டுக்கும் புள்ளி வேண்டாம், அவை தலைப்புக்குக் கீழேயே அச்சில் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள்தான் செலவு.