புல் முடிச்சு

குறுநில மன்னன் நன்னனின் கொடையைப் பாட வந்த சங்கப் புலவர் பெருங்கௌசிகனார், மலைபடுகடாத்தின் 583 அடிகளில் பெரும்பங்கை வழிக்கே கொடுத்துவிட்டார். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்தை நன்னனின் ஊரான செங்கண்மாவுக்கு அனுப்புகிறார். இன்றைய செங்கம்தான் அது. பன்றிக்கு வைத்த பொறி, வழுக்கும் பாசி, புனம் காப்பவர் யானையை விரட்ட எறியும் கவண்கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறார். கல் வரும்போது மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்கிறார். நடந்து பார்த்தவர் பேச்சு அது.

இவற்றுக்கு நடுவே ஓர் இடம் இருக்கிறது. பாதைகள் பிரியும் சந்தியில் தரையைக் கையால் துடைத்துவிட்டு, புல்லை முடிந்து வைத்துப் போங்கள் என்கிறார். பின்னால் வருகிறவர்கள் எந்தப் பக்கம் போவது என்று திகைக்கக் கூடாது அல்லவா? இதை யாரிடம் சொல்கிறார் என்பதில்தான் நயம். 'இந்த நிலத்தை முன்பின் அறியாத புதியவர்களே' என்று விளித்துவிட்டுத்தான் சொல்கிறார். வழி தெரியாதவர்களிடமே வழிகாட்டும் வேலையையும் ஒப்படைக்கிறார்! முதலில் துடைக்கச் சொன்னதும் சும்மா இல்லை. சருகும் புதரும் மண்டிய இடத்தில் ஒரு முடிச்சு யார் கண்ணில் படும்? நம் ஊர்க் கைகாட்டிப் பலகைகளின் மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு இந்த அடியைப் படித்துக் காட்ட வேண்டும்.

உடனே அடுத்த அடிகளில் வேறொரு கவலை வருகிறது. கவலை என்றால் கிளைவழி. அங்கே மரா மரத்தடியில், போகும் ஊரின் பெயர் தெரியும்படி கல்லில் கொத்தி எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து, தெரியாதவருக்குப் புல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த புலவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் விளக்கவில்லை.

பல நூற்றாண்டு கழித்துத் தருமபுரிப் பக்கம் எழுத்தும் எழுத்தறியாதவருக்கான குறியும் ஒரே கல்லில் சேர்ந்துவிட்டன. அதியமான் பெருவழியில் நட்ட கல் அது. 13ஆம் நூற்றாண்டு என்பார்கள். நாவல் தாவளத்துக்குக் காதம் 29 என்று தொலைவு எழுத்தில் இருக்கிறது. கூடவே குழிகள்: பெரியவை இரண்டு, சிறியவை ஒன்பது. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரனும் விரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். 29 குழிகளை வரிசையாகக் கொத்தியிருந்தால் பாதியில் எண்ணிக்கை தவறி, திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருப்பான். கொத்தியவர் பதினொன்றில் முடித்திருக்கிறார்.